மணலில் இழுத்த நான்கு விரல்... பார்கோடு கண்ட உட்லண்ட், மையிடம் தோற்ற கதை!

சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பொருள் பீப் பீப் என்று ஓடிவிடும். பதினோராவது மட்டும் அடம்பிடிக்கும். கேஷியர் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார், கசங்கலை நீவிவிடுவார், திருப்பிக் காட்டுவார். ம்ஹூம். கடைசியில் கோடுகளுக்குக் கீழே இருக்கிற எண்களைக் கையால் தட்டுவார். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார்.

இந்த மாதிரி நேரங்களில் பல சமயம் பிரச்சினை ரொம்பச் சின்னது. அச்சடிக்கும்போது கோடு இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் தடித்திருக்கும், அல்லது இளைத்திருக்கும். கொஞ்சம் என்றால், தலைமுடி அளவு.

அந்தத் தலைமுடி அளவு, பார்கோடைக் கண்டுபிடித்த மனிதரின் வாழ்க்கையிலும் விளையாடியிருக்கிறது. அவர் பெயர் நார்மன் ஜோசப் உட்லண்ட். நண்பர்களுக்கு ஜோ.

லிஃப்ட் பாட்டும் அப்பாவின் பயமும்

1921 செப்டம்பர் 6 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தவர் உட்லண்ட். சின்ன வயதில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மோர்ஸ் கோடு. புள்ளி, கோடு, புள்ளி, கோடு என்று தந்தி அடிக்கிற அதே பாஷைதான்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் வேலை. அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் தொழில்நுட்ப உதவியாளர். போர் முடிந்ததும் பிலடெல்பியாவில் உள்ள ட்ரெக்சல் கல்வி நிறுவனத்துக்குத் திரும்பி, 1947-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தார்.

படிக்கும்போதே அவர் ஒரு ஐடியா வைத்திருந்தார். லிஃப்டுகளில் மெல்லிசாக ஒரு இசை ஓடுமே, அதற்கான சிஸ்டம். 35 மில்லிமீட்டர் சினிமா ஃபிலிமில் 15 ஒலித்தடங்களை ஒரே நேரத்தில் பதிவு செய்கிற மாதிரி வடிவமைத்திருந்தார். அதையே தொழிலாக்கிவிடலாம் என்று கிளம்பியபோது, அப்பா தடை போட்டார். லிஃப்ட் இசைத் தொழில் மாஃபியா கும்பல் கையில் இருக்கிறது, என் பையன் அந்தப் பக்கமே போகக்கூடாது என்பது அவர் பயம்.

பையன் கேட்டுக்கொண்டார். மேற்படிப்புக்காக ட்ரெக்சலுக்கே திரும்பினார். ஆனால் சினிமா ஃபிலிமில் ஒலியை வெளிச்சமாகப் பதிவு செய்து, மறுபடி வெளிச்சத்தை ஒலியாக மாற்றுகிற அந்த டெக்னிக் அவர் மூளையில் தங்கிவிட்டது. அது பின்னால் வேலைக்கு ஆகும்.

டீன் மறுத்தார், மாணவர் ஒட்டுக்கேட்டார்

1948. பிலடெல்பியாவின் ஒரு மளிகைக் கடைச் சங்கிலியின் தலைவர் ட்ரெக்சல் டீனைப் பார்க்க வந்திருந்தார். பில் போடும் இடத்தில் பொருளின் விவரம் தானாகவே பதிவாகிற மாதிரி ஏதாவது ஆராய்ச்சி செய்து கொடுங்களேன் என்று கேட்டார். கவுண்டரில் நீளும் வரிசை, இருப்பு எண்ண முடியாத தலைவலி எல்லாம் அவருக்கு. டீன் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவர் நேராக உட்லண்டிடம் வந்து சொன்னார். இரண்டு பேரும் வேலையை ஆரம்பித்தார்கள்.

முதல் முயற்சி, புற ஊதா ஒளியில் மின்னுகிற மை. வேலை செய்தது. ஆனால் மை சீக்கிரம் மங்கியது, விலையும் அதிகம். கதை முழுக்கப் பாருங்கள், இவர்களுக்கு வில்லன் எப்போதும் மைதான்.

உட்லண்ட் ஆனாலும் விடவில்லை. பங்குச் சந்தையில் கொஞ்சம் பணம் கிடைத்திருந்தது. அந்தத் தைரியத்தில் ட்ரெக்சலை விட்டுவிட்டு, ஃபுளோரிடாவில் மயாமி பீச்சில் தாத்தா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மணலில் மோர்ஸ்

1948-49 குளிர்காலம். கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் உட்லண்ட். பொருளின் விவரத்தைக் குறியீடாக எழுத வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே குறியீடு சாரணர் வகுப்பில் படித்த மோர்ஸ். மணலில் புள்ளியும் கோடுமாகப் போட்டுப் பார்த்தார். அப்புறம் நான்கு விரல்களையும் மணலில் பதித்து, தன் பக்கமாக இழுத்தார்.

நான்கு கோடுகள் விழுந்தன. அவ்வளவுதான். புள்ளியைக் கீழே இழுத்தால் ஒல்லிக் கோடு, மோர்ஸின் கோட்டைக் கீழே இழுத்தால் தடித்த கோடு. செய்தியை நீளத்தில் வைக்காமல் அகலத்தில் வைக்கலாம்! இன்றைக்கு உங்கள் ஷாம்பூ பாட்டிலில் இருப்பதும் இதே யோசனைதான்.

அதே இடத்தில் இன்னொன்றும் செய்தார். கோடுகளை அப்படியே வளைத்து வட்டமாக்கினார். வட்டத்துக்குள் வட்டம், அம்பு எய்யும் பலகை மாதிரி. காரணம் எளிது. நேர்க்கோடுகளைப் படிக்க வேண்டுமென்றால் பொருளை ஸ்கேனருக்கு நேராகப் பிடிக்க வேண்டும். வட்டத்துக்கு அந்தக் கவலை கிடையாது, எந்தத் திசையிலிருந்து குறுக்கே போனாலும் ஒரே வரிசைதான் வரும்.

1949 அக்டோபர் 20 அன்று இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1952 அக்டோபர் 7 அன்று கிடைத்தது. அமெரிக்கக் காப்புரிமை எண் 26,12,994. கோடு, வட்டம் இரண்டும் அதில் இருந்தன. ஆனால் உட்லண்டின் மனசு வட்டத்தில்தான்.

500 வாட் பல்பில் புகைந்த காகிதம்

1951-ல் உட்லண்ட் ஐபிஎம்மில் சேர்ந்தார். அங்கே இந்த யோசனையை வளர்க்கலாம் என்ற நம்பிக்கை. நிறுவனம் உடனே ஆர்வம் காட்டாததால், அவரும் சில்வரும் நியூயார்க் மாநிலத்தில் இருந்த உட்லண்ட் வீட்டு ஹாலிலேயே முதல் ஸ்கேனரைக் கட்டினார்கள்.

சைஸ் ஒரு மேசை அளவு. வெளிச்சம் உள்ளே வராமல் இருக்கக் கறுப்பு ஆயில் துணியால் சுற்றியிருந்தார்கள். உள்ளே 500 வாட் குண்டு பல்பு. கோடுகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பிடிக்க ஒரு ஒளிக்குழாய், ஆர்சிஏ நிறுவனம் சினிமா ஒலிக்காகத் தயாரித்தது. ஆமாம், அப்பா வேண்டாம் என்று தடுத்த அந்த லிஃப்ட் இசை டெக்னிக் இப்போது மளிகைக் கடைக்குப் பயன்பட்டது.

காகிதத்தை நகர்த்தினால் ஆசிலோஸ்கோப் திரையில் சிக்னல் துள்ளியது. வேலை செய்கிறது! கூடவே காகிதம் சூட்டில் புகையவும் ஆரம்பித்தது.

யோசனை சரி, காலம்தான் தப்பு. அவர்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு பொருள்: சூடேற்றாத, ஊசி போன்ற வெளிச்சம்; வந்த சிக்னலை நொடியில் கணக்குப் போடுகிற மலிவான கம்ப்யூட்டர். முதல் லேசர் வந்ததே 1960-ல். மளிகைக் கடை வாங்குகிற விலைக்குக் கம்ப்யூட்டர் வர அதற்குப் பிறகும் பல வருஷம் ஆனது.

ஐபிஎம் ஒரு கட்டத்தில் காப்புரிமையை வாங்க முன்வந்தது, ஆனால் சொன்ன விலை இவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1962-ல் ஃபில்கோ நிறுவனத்துக்கு 15,000 டாலருக்கு விற்றார்கள். பின்னாளில் உலகம் முழுக்க ஓடிய ஒரு கண்டுபிடிப்புக்காக அந்த இருவருக்கும் சேர்த்து வந்த காசு அவ்வளவுதான். ஃபில்கோ அதை ஆர்சிஏவுக்கு விற்றது.

மறு வருஷமே, 1963-ல், சில்வர் இறந்துபோனார். வயது 38. கடையில் ஒரு பார்கோடுகூட ஸ்கேன் ஆனதை அவர் பார்க்கவில்லை. 1969-ல் காப்புரிமையும் காலாவதியானது.

வட்டம் வந்தது... மை ஈஷியது

1971-ல் ஒரு மளிகைத் துறைக் கூட்டத்தில் ஆர்சிஏ தன் வட்ட பார்கோடைக் காட்டியது. கூட்டம் அந்த ஸ்டாலில் மொய்த்தது. ஐபிஎம் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போதுதான் ஒருவருக்கு நினைவு வந்தது: இதைக் கண்டுபிடித்த ஆள் நம்ம கம்பெனியிலேயே இருக்கிறாரே! உட்லண்டை வடக்கு கரோலினாவுக்கு மாற்றி, பார்கோடு வேலையில் சேர்த்தார்கள்.

அந்த அணியில் இருந்த இன்னொரு இன்ஜினீயர் ஜார்ஜ் லாரர். வட்டத்தையே மேம்படுத்தித் தருவார் என்றுதான் அவரிடம் எதிர்பார்த்தார்கள். மளிகைத் துறை போட்ட நிபந்தனைகள் கறாரானவை. 10 இலக்கம் வேண்டும். குறியீடு ஒன்றரைச் சதுர அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எந்தத் திசையிலும் படிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாத தப்பு 20,000-ல் ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். முக்கியமாக, பாக்கெட் அச்சடிக்கிறவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மெஷினிலேயே அச்சாக வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் வட்டத்தைக் கவிழ்த்தது. அச்சு மெஷினில் காகிதம் ஒரே திசையில் வேகமாக ஓடும். மை கொஞ்சம் கூடினால் அந்தத் திசையில் ஈஷிக்கொள்ளும். வட்டத்தில் கோடுகள் எல்லாத் திசையிலும் வளைகின்றன, அதனால் எப்படி அச்சடித்தாலும் ஏதோ ஒரு பக்கத்தில் மை கோட்டின் குறுக்கே ஈஷி, இடைவெளியை மூடிவிடும். 1972 ஜூலையில் சின்சினாட்டி நகரில் ஒரு க்ரோகர் கடையில் ஆர்சிஏ தன் வட்டத்தைச் சோதனைக்கு இறக்கியபோதும் இந்த அச்சுத் தொல்லை கூடவே வந்தது.

லாரர் கோடுகளை நிமிர்த்தி நிறுத்தினார். காகிதம் ஓடும் திசையிலேயே கோடும் ஓடட்டும். மை ஈஷினால்? கோட்டின் நுனி கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான். நீளத்தில் செய்தி எதுவும் இல்லையே, அகலத்தில்தானே இருக்கிறது! மயாமி மணலில் முதலில் விழுந்த அந்த நான்கு நேர்க்கோடுகளுக்கே கதை திரும்பி வந்தது. உட்லண்ட் காதலித்த வட்டம் போனது, அவர் வளைப்பதற்கு முன்னால் போட்டது நின்றது.

எந்தத் திசையிலும் படிக்க வேண்டுமே? அதற்கும் ஒரு தந்திரம். குறியீட்டை நடுவில் இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாதியும் அகலத்தைவிட உயரம் அதிகம். ஸ்கேனரின் ஒளி பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடும். பாக்கெட் எப்படிச் சாய்ந்திருந்தாலும், ஏதாவது ஒரு ஒளிக்கீற்று ஒரு பாதியை முழுசாகக் கடந்துவிடும்.

ஜன்னல் கம்பிக் கணக்கு

மை பக்கவாட்டிலும் கொஞ்சம் பரவத்தானே செய்யும்? இதற்கு வைத்த தீர்வுதான் இந்தக் கதையிலேயே அழகானது.

முதலில் அடிப்படை. குறியீடு முழுக்க 95 சம அகலப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பட்டையின் நிலையான அகலம் 0.33 மில்லிமீட்டர். ஒரு இலக்கத்துக்கு ஏழு பட்டை. அந்த ஏழில் இரண்டு கறுப்புக் கோடு, இரண்டு வெள்ளை இடைவெளி. கோடு ஒன்று முதல் நான்கு பட்டை வரை தடிக்கலாம்.

இப்போது வீட்டு ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடித்து அடித்துக் கம்பிகள் தடித்துவிட்டன. கம்பியின் தடிமனை அளந்தால் தப்பு. இடைவெளியை அளந்தாலும் தப்பு. ஆனால் ஒரு கம்பியின் இடது ஓரத்திலிருந்து அடுத்த கம்பியின் இடது ஓரம் வரை அளந்து பாருங்கள், மாறவே மாறாது. இரண்டு ஓரமும் ஒரே அளவு இடது பக்கம் நகர்ந்திருக்கும்.

ஸ்கேனர் செய்வதும் இதுதான். கோட்டின் தடிமனை நம்பாமல், ஓரத்திலிருந்து அதே பக்க ஓரம் வரை உள்ள தூரத்தை நம்புகிறது. மை சமமாகப் பரவியிருந்தால் கணக்கில் அது தானாகவே கழிந்துவிடும்.

முழுசாகத் தப்பித்துவிட்டார்களா என்றால், இல்லை. 1-க்கும் 7-க்கும் இந்த ஓரக் கணக்கு ஒரே மாதிரி வருகிறது. 2-க்கும் 8-க்கும் அதே கதை. இந்த நான்கு எண்களுக்கு மட்டும் கோட்டின் நிஜத் தடிமனைப் பார்த்தே தீர வேண்டும். அங்கேயும் கோட்டை விட்டால் பிடிக்க, கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். மற்ற எல்லா இலக்கங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது அது, பொருந்தவில்லை என்றால் பீப் வராது. தப்பான விலைக்குப் பில் வருவதைவிட பீப் வராமல் போவது எவ்வளவோ மேல் இல்லையா.

1973 ஏப்ரல் 3 அன்று மளிகைத் துறைக் குழு இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. 1974 ஜூன் 26 காலை 8.01-க்கு, ஓஹையோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் முதல் பீப் கேட்டது. பொருள், ரிக்லீஸ் ஜூசி ஃப்ரூட் சூயிங் கம். 10 பாக்கெட் கட்டு, 67 சென்ட். காப்புரிமை முடிந்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

உங்கள் லேபிள் பிரிண்டரிலும் அதே சண்டை

வீட்டிலிருந்து ஊறுகாயோ சோப்போ விற்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பகுதி அவர்களுக்கு.

கடைகளில் பார்க்கும் சாதாரண தெர்மல் லேபிள் பிரிண்டர் ஒரு மில்லிமீட்டரில் 8 புள்ளி வைக்கும். நிலையான பட்டை 0.33 மில்லிமீட்டர் என்றால், கணக்குப்படி 2.6 புள்ளி. பிரிண்டரால் அரைப்புள்ளி வைக்க முடியாது. பார்கோடைப் படமாக இறக்கி, மூலையைப் பிடித்து இழுத்து லேபிளுக்குள் அடக்கினால் என்ன ஆகும்? சில கோடுகளுக்கு 2 புள்ளி, சிலவற்றுக்கு 3 புள்ளி விழும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கவுண்டரில்தான் மானம் போகும்.

அதனால்தான் பிரிண்டருக்கு ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் படத்தை அனுப்புவதில்லை. எந்த வகை பார்கோடு, ஒல்லிப் பட்டைக்கு எத்தனை புள்ளி, எவ்வளவு உயரம், என்ன எண் என்று கட்டளையாகவே அனுப்புகிறார்கள். கோடு போடுவது பிரிண்டரின் பொறுப்பு. பட்டைக்கு 3 புள்ளி என்று வைத்தால் எல்லாப் பட்டையும் சரியாக 3 புள்ளிதான். ஆனால் இரண்டு பக்கமும் விட வேண்டிய வெற்றிடத்தையும் சேர்த்தால் சுமார் 42 மில்லிமீட்டர் அகலம் தேவைப்படும். லேபிள் சின்னது என்று 2 புள்ளிக்கு இறங்கினால் பட்டை 0.25 மில்லிமீட்டர். அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவே 0.264. சில ஸ்கேனர் படிக்கும், சிலது படிக்காது. லேபிளைப் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் மில்லிமீட்டருக்கு 12 புள்ளி வைக்கும் பிரிண்டருக்குப் போங்கள். அதில் 4 புள்ளி வைத்தால் கிட்டத்தட்ட 0.34 வந்துவிடும்.

சூடு அதிகம் வைத்தால் கோடு தடிக்கும். அதற்காக ஒவ்வொரு கறுப்புக் கோட்டிலும் ஒரு புள்ளியைக் குறைத்து, பக்கத்து வெள்ளைக்குக் கொடுக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. அதைவிட எளிய வழி, லேபிள் நகரும் திசையிலேயே கோடுகள் ஓடும்படி வைப்பது. குறுக்கே வைத்தால் சூடு ஆறுவதற்குள் காகிதம் நகர்ந்து, ஓரம் மங்கும். வட்டத்தைக் கவிழ்த்த அதே விஷயம், இன்றைக்கு மேசை மேலிருக்கும் குட்டி மெஷினிலும் இருக்கிறது.

இந்தியாவில் வழங்கப்படும் எண்கள் 890 என்று தொடங்கும். அதனால் 890 இருந்தாலே இந்தியத் தயாரிப்பு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலை நம்பாதீர்கள். எண்ணை வாங்கிய நிறுவனம் இங்கே பதிவு செய்திருக்கிறது என்பது மட்டுமே அதன் அர்த்தம்.

கடைசி வருஷங்கள்

உட்லண்ட் 1987-ல் ஐபிஎம்மிலிருந்து ஓய்வு பெற்றார். 1992-ல் அதிபர் ஜார்ஜ் புஷ் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே வருஷம் பிப்ரவரியில்தான், ஒரு கண்காட்சியில் ஸ்கேனரைப் பார்த்து புஷ் வியந்தார் என்று செய்தி வந்து, அதிபருக்கு மளிகைக் கடையே தெரியாதா என்று நாடு முழுக்கக் கேலி செய்தார்கள். அவர் பார்த்தது கிழிந்து கந்தலான லேபிளையும் படிக்கிற புது மாடல் என்று பிறகு விளக்கம் வந்தது, ஆனால் கேலி நிற்கவில்லை.

1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் க்யூஆர் கோடைக் கொண்டுவந்தது. டீக்கடையில் பணம் அனுப்ப போனை எந்தக் கோணத்தில் காட்டினாலும் படிக்கிறதே, அதற்குக் காரணம் மூன்று மூலைகளில் இருக்கும் சதுரத்துக்குள் சதுரம். அவற்றின் நடுவே எந்தத் திசையில் குறுக்கே போனாலும் கறுப்பும் வெள்ளையும் ஒரே விகிதத்தில்தான் வரும். வட்டத்தை வைத்து உட்லண்ட் செய்ய நினைத்ததும் இதைத்தான்.

2009 அக்டோபர் 7 அன்று, காப்புரிமை கிடைத்த நாளை நினைவுகூர்ந்து, கூகுள் தன் முகப்பில் பெயருக்குப் பதிலாக ஒரு பார்கோடை வைத்தது. 2011-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் உட்லண்டுடன் சேர்த்து சில்வரின் பெயரும் ஏறியது. சில்வர் இறந்து அப்போது 48 வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த வருஷம் டிசம்பர் 9 அன்று, நியூஜெர்சியின் எட்ஜ்வாட்டரில் 91 வயதில் உட்லண்ட் காலமானார். கடைசிக் காலத்தில் அவருக்கு அல்சைமர், நினைவு மறதி நோய்.